ஏலக்காரர் தொண்டைக்குக் கட்டிய துத்தநாகம்

அண்மைக் காலமாக எங்கள் வீட்டில் எதைக் கையில் எடுத்தாலும் அதன்மேல் 'ஆன்டி ஆக்சிடன்ட் நிறைந்தது' என்ற பொன்னெழுத்து மின்னுகிறது. தேயிலைப் பொட்டலம், பற்பசை, மருமகளின் முகப்பூச்சு என்று எல்லாவற்றிலும் அதே வாக்கு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் புதிதாகத் திறந்துள்ள மருந்துக்கடை வாயிலில் அதே பெயரில் மாத்திரைக் குப்பிகளைக் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் பணியில் இருந்த நாளில் இச்சொல்லை அறிந்தோர் எங்கள் கட்டடத்திலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர். இன்றோ, நான் காலை நடை செல்லும் வழியில் இளநீர் வெட்டித் தருபவரும் அதைச் சொல்லித்தான் சீவுகிறார்.

எங்கள் ஆய்வகத்து இளையோர் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ஒரு குழு வைத்துள்ளனர். ஓய்வு பெற்ற பின்னும் என்னை அதிலிருந்து நீக்காமல் வைத்திருப்பது அவர்களின் பெருந்தன்மை. சென்ற வாரம் அதில் ஒரு கேள்வி வந்தது. புற்றுநோய்க்குக் கதிர்மருத்துவம் பெறும் நோயாளிகள் சிலர் இம்மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உண்கிறார்களாம். அவர்களுக்கு என்ன சொல்வது, ஐயா ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு ஒரு வரியில் எதையும் சொல்ல வராது என்பது அவர்களுக்கு நன்கு தெரியும். எனவே கீழே வருவது அவர்கள் தாமே வரவழைத்துக்கொண்டது.

நான் பணி செய்தது இராயபுரத்தில், துறைமுக மதிலுக்குச் சற்று மேற்கே, அறக்கட்டளை ஒன்று நடத்திய புற்றுநோய் மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில். வேதியியல் பட்டம், எண்ணூர்த் தடத்து மின்தொடர்வண்டியில் நின்றபடியே போக்குவரவு, முதலாண்டு முழுதும் கண்ணாடிக் குழாய் கழுவுதல். என் பயிற்சிக் காலத்தின் வரலாறு இவ்வளவே. குழாய் கழுவுவதில் நான் எய்திய தேர்ச்சியை என் மனைவி இன்றுவரை வீட்டில் பயன்படுத்திக்கொள்கிறார்.

ஆய்வகத்தின் தலைவர் மருத்துவர் பிலோமினா. இராயபுரத்திலேயே பிறந்து, தேவாலய மணியோசை கேட்கும் தெருவிலேயே வளர்ந்தவர். தந்தையார் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். குள்ளமான உருவம்; பருத்திச் சேலை; காதில் எப்போதும் செருகியிருக்கும் பென்சில். அவர் எவரையும் கடிந்து நான் பார்த்ததில்லை. அதற்குத் தேவையும் இருந்ததில்லை. நாங்கள் எந்த முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும், அதைப் பார்ப்பதற்கு முன்பே, "வேற என்னவா இருக்கும்?" என்று கேட்பார். நாம் கண்டது உண்மைதான் என்று சொல்லுமுன், அது பொய்யாக இருப்பதற்குரிய வழிகளையெல்லாம் நாமே அடுக்கிக்காட்டி, ஒவ்வொன்றையும் சோதித்துத் தள்ளிவிட்டு வர வேண்டும். வழிகள் தீரும்வரை அந்தப் பென்சில் காதிலிருந்து கீழே இறங்காது. அது இறங்கிவிட்டால், முடிவு ஏற்கப்பட்டது என்று பொருள்.

அம்மையாரின் ஈடுபாடு முழுவதும் ஒரே பொருளின்மீது. உயிர்வளி மிகுந்து உயிரணு படும் பாடு அது. அதை நான் 'உயிர்வளி நெருக்கடி' என்று தமிழாக்கிப் பலகையில் எழுதி, எங்கள் அறைக்கதவில் தொங்கவிட்டேன். அதைப் படித்த நோயாளி ஒருவர், உள்ளே காற்றோட்டம் போதவில்லை என்று கருதிச் சன்னல்கள் அனைத்தையும் திறந்துவிட்டுப் போனார். அம்மையார் அன்று வாய்விட்டுச் சிரித்தார்; பலகையை மட்டும் எடுக்கவிடவில்லை.

செய்தி எளிது. நம் உயிரணு ஒவ்வொன்றும் ஓர் அடுப்பு. உண்ட உணவை உயிர்வளி கொண்டு எரிக்கிறது. எரிக்கையில் சில பொறிகள் தெறிக்கின்றன. அப்பொறிகளை அணைக்க உடலே காவலர்களை வைத்திருக்கிறது; 'ஆன்டி ஆக்சிடன்ட்' என்பது இவர்களைத்தான். தெறிப்பது மிகுந்து, அணைப்பது குறைந்தால் நெருக்கடி. புகை, ஆறாத அழற்சி, நாள்தோறும் மூச்சில் ஏறும் நச்சுக்காற்று ஆகியவை ஆண்டுக்கணக்கில் பொறிகளை ஊதிவிட்டுக்கொண்டே இருந்தால், மரபிழை, அதாவது டி.என்.ஏ., கருகிப் பிழைபடுகிறது. பிழைகள் சேரச் சேரப் புற்றுக்கு வழி பிறக்கிறது.

இதுவரை கேட்போர், சரி, பொறியை அணைத்துவிட்டால் தீர்ந்தது என்று எழுந்துவிடுவார்கள். கதை அங்கேதான் திரும்புகிறது. புற்றணு பொறிகளுக்கு நடுவிலேயே குடித்தனம் நடத்துவது. ஓரளவு பொறி அதற்கு மாட்டைக் குத்தும் தார்க்குச்சி போல. அதனால் குத்துண்டு விரைந்து பெருகுகிறது. அளவு மீறினால் தானும் வெந்துவிடும் என்பதால், தனக்கென்று கூடுதல் காவலர்களையும் வைத்துக்கொள்கிறது. ஆக, அது வரப்பின் விளிம்பில் நடக்கும் ஆள். கதிர்மருத்துவம் செய்வது, அந்த ஆளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளுவதுதான். கதிர் உள்ளே பாய்ந்து உயிரணுவின் நீரைச் சிதறடிக்கிறது. பொறிகள் வெள்ளமாகக் கிளம்புகின்றன. புற்றணு தாங்காமல் மடிகிறது. நோய்க்கு வழிவிட்ட பொறியே நோயைக் கொல்லும் கருவியும் ஆகிறது. இந்த இரட்டை முகம்தான் அம்மையாரை வாழ்நாள் முழுதும் உறங்கவிடாதது.

பொறியைக் கண்ணால் காண முடியாது. அது சுட்ட வடுவைத்தான் காண முடியும். குருதியின் தெளிநீரை எடுத்து, தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு கலந்து, கொதிநீரில் நிறுத்திவைப்போம். வடு மிகுதி என்றால் குழாய் ரோசாப்பூ நிறம் காட்டும். அந்த அமிலத்தின் நாற்றத்தை விவரிக்கும் அளவுக்கு என் தமிழ் வளரவில்லை. மீன்கூடை சுமந்து வந்த பெண் ஒருவரே எங்கள் வாயிலைக் கடக்கையில் மூக்கைப் பொத்தினார் என்பதைச் சான்றாகக் கொள்க. இன்னொரு சோதனையில், பொறியணைக்கும் காவலர்களுள் முதன்மையான குளூட்டாதயோன் எவ்வளவு என்று பார்ப்போம். அது மிகுதி என்றால் குழாய் மஞ்சளாகும். ரோசா என்றால் சேதம். மஞ்சள் என்றால் காவல். என் பணிவாழ்வு முழுவதும் இவ்விரு நிறங்களுக்கு நடுவில் கழிந்தது.

புதிதாக வருவோர் எவராயினும் முதலில் தம் குருதியையே அளக்க வேண்டும் என்பது அம்மையார் வகுத்த வழக்கம். நான் மரக்கறி உண்பவன், புகையை நாடாதவன், அக்காலத்தில் அதைப் பற்றி ஓரளவு இறுமாப்பும் உண்டு. என் குழாய் அடர்ந்த ரோசாவாக நின்றது. பக்கத்துக் குழாய் வாயிற்காவலருடையது. பீடிக்கட்டும் தானுமாகப் பிறந்தவர் போன்ற அவருடைய குழாய் வெளிறிக் கிடந்தது. நான் மனம் குலைந்து போய் நின்றேன்.

"வேற என்னவா இருக்கும்?" என்றார் அம்மையார்.

தேடிப் பார்த்தபோது புலப்பட்டது. என் குருதிக்குழாயை நானே கையில் ஏந்திக்கொண்டு, ஆர்வம் மிகுந்து, மாடிப்படிகளைத் தாவித் தாவி ஏறியிருந்தேன். குலுங்கிய குழாயில் செவ்வணுக்கள் உடைந்து, அவற்றின் இரும்பு வெளியே கசிந்து, குழாய்க்குள்ளேயே குருதி துருவேறிவிட்டது.

"துரு உங்க உடம்புல இல்ல தம்பி. உங்க அவசரத்துல இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து குருதிக்குழாய்கள் பனிக்கட்டியில் அமர்ந்து, மணப்பெண் நடையில் மட்டுமே வந்தன. ஆனால் பனிக்கட்டி செய்யும் எங்கள் இயந்திரத்துக்குக் கோடை ஒத்துக்கொள்வதில்லை. ஆண்டுதோறும் வெயில் ஏறியதும் அது படுத்துவிடும். அப்போதெல்லாம் எங்களைக் காத்தவர் தேசிங்கு.

தேசிங்கு காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக்காரர். அவருடைய தாயார் எங்கள் மருத்துவமனையில் நோய் தீர்ந்து வீடு திரும்பியவர். அந்த நன்றியில், நாங்கள் சொல்லியனுப்பினால் போதும், மீனுக்குப் போடும் பனித்தூளில் ஒரு பெட்டி வந்து சேரும். அதனால் கோடைக்காலத்து ஆய்வு முடிவுகள் அனைத்திலும் நெத்திலி மணம் கமழும்.

அவர் குரலைச் சொல்ல வேண்டும். விடியற்காலை ஏலக்கூடத்தில் மூவுருளி ஆட்டோக்களும் சிறு வண்டிகளும் உறுமும். பனிக்கட்டி உடைக்கும் இயந்திரம் கடகடக்கும். நூறு பேர் ஒரே நேரத்தில் பேரம் பேசுவார்கள். கூடத்தின் ஒரு முனையில் தேசிங்கு விலையைக் கூவினால், மறுமுனையில் நிற்கும் கூடைக்காரப் பெண் உள்ளங்கையை உயர்த்துவார். கை உயர்ந்தால் விலை ஏற்கப்பட்டது. அதைவிட உயர்ந்த விலைக்கு இன்னொரு கை எழவில்லையெனில் கூடை அவருக்கு. பேச்சே தேவையில்லை, ஏலக்காரரின் குரல் ஒன்று போதும். அக்குரல் எப்போதும் சற்றே கரகரத்திருக்கும். ஏலம் விடுபவரின் தொண்டை கரகரப்பது, கொல்லர் கை காய்த்திருப்பதைப் போல. எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு கோடையில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. மீன் முட்டையிடும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. ஏலம் பெயருக்குத்தான் நடக்கும். வேலையற்றிருந்த தேசிங்கு, பனித்தூள் பெட்டியைத் தாமே சுமந்துகொண்டு வந்து, அம்மையாருக்கு வணக்கம் சொன்னார். அம்மையார் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலமே இல்லாத மாசத்துல உனக்கு எதுக்குப்பா தொண்ட கட்டிகினு கீது?"

நோயாளிகளிடம் அம்மையார் பேசுவது அச்சு அசல் இராயபுரத் தமிழ். தேசிங்கு சிரித்து, பழக்கதோசம் என்றார். அம்மையார் சிரிக்கவில்லை. அன்றே உள்ளே அழைத்துப்போய்த் தொண்டையைப் பார்க்கச் செய்தார். குரல்நாண் ஒன்றின்மீது சிறு கட்டி. சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்று என்று உறுதியாயிற்று.

தொடக்கநிலைதான். கதிர்மருத்துவத்தில் கரைந்துவிட வாய்ப்பு மிகுதி. கரையாவிட்டால் அறுவை, பெருகிவிட்டிருந்தால் குரல்வளையையே எடுக்க நேரிடலாம். இதை அவரிடம் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். உயிரைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"கொரல எடுத்துட்டா அப்பால நான் இன்னாத்த ஏலம் உடறது, டாக்டரம்மா? ஊமக் கூத்தா கட்ட முடியும்?"

அம்மையார் அவருக்குக் கதிர்மருத்துவத்தை விளக்கினார். கப்பலும் படகும் பார்த்து வளர்ந்தவருக்குப் புரியும்படி, கதிர் உள்ளே போய்க் கட்டிக்குத் துருப்பிடிக்க வைக்கும், துரு தின்றுதின்று கட்டி உதிரும் என்றார். பீடி கூடவே கூடாது என்றார். தேசிங்குக்கு விளக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. அதை அன்று மாலையே துறைமுகம் முழுவதும் பரப்பிவிட்டார். என்ன இருந்தாலும் கூவிக் கூவியே வாழ்ந்தவர் அல்லவா.

கதிர்மருத்துவம் தொடங்கியது. அம்மையாரின் ஆய்வுக்காக, இசைவு தந்த நோயாளிகளிடமிருந்து வாரந்தோறும் குருதி பெறுவோம். கதிர் ஏற ஏற ரோசா அடர்வதும் மஞ்சள் வெளிறுவதும் எங்களுக்குப் பழகிய காட்சி. தேசிங்கின் குழாய்கள் மட்டும் மரபை மீறின. ரோசா நகரவில்லை. மஞ்சளோ குறைவதற்கு மாறாக, வாரத்துக்கு வாரம் செவ்வந்தி போல் மலர்ந்துகொண்டே போயிற்று.

"வேற என்னவா இருக்கும்?"

வினைப்பொருள் பழையதோ என்று புதுக்குப்பி திறந்தேன். ஒளியளவியின் விளக்கை மாற்றினேன். குழாய் மாறியிருக்குமோ என்று மறுபடி குருதி பெற்றேன். அதே நாளில் அதே தட்டில் வைத்த பிறர் குழாய்கள் ஒழுங்காகவே நடந்துகொண்டன. தவறு எங்களிடம் இல்லை என்று தெளிந்தபின் நோயாளியிடமே கேட்டோம். வேறு மருந்து ஏதேனும் உண்கிறீரா? இல்லை என்றார். சித்த மருந்து, நாட்டு மருந்து, தூள், இளகம்? ஒன்றுமில்லை என்று கற்பூரம் அடிக்கக்கூட ஆயத்தமாக இருந்தார். அவர் முகத்தில் பொய்யின் நிழலே இல்லை.

எனக்கு வழிகள் தீர்ந்துவிட்டன. அம்மையார் பென்சிலைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவருக்கு மட்டும் இன்னொரு வழி எஞ்சியிருந்தது. அது எந்தப் பாடநூலிலும் இல்லாதது.

காசிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கரையைச் சேர்ந்தவர் நோயில் விழுந்தால், அவரோடு பழகிய ஒவ்வொரு படகும் வலையில் வந்ததில் ஒரு பங்கை அவர் வீட்டுக்கு அனுப்பும். அனுப்பாத படகு தலைகுனிய நேரும். வாங்க மறுத்தால் படகுக்கே இழுக்கு. அம்மையார் தம் வீட்டுத் தெருவில் அதைப் பார்த்தே வளர்ந்தவர். தடைக்காலத்தில் வலையும் இல்லை, மீனும் இல்லை. அப்படியானால் பங்கு?

"மருந்த பத்தி கேக்கல தேசிங்கு. போட்டுக்காரங்க பங்கு இன்னா வந்துச்சு?"

தேசிங்கின் முகம் மலர்ந்தது. வந்ததே, எல்லாப் படகும் அனுப்பியிருக்கின்றனவே என்றார் பெருமையோடு.

மறுநாள் அவருடைய மனைவி கஸ்தூரி ஒரு மீன்கூடையைத் துண்டால் மூடிச் சுமந்து வந்து மேசைமேல் வைத்தார். துண்டை விலக்கினால், கூடை நிறைய மாத்திரைக் குப்பிகள். உயிர்ச்சத்து இ, உயிர்ச்சத்து சி, செலினியம், துத்தநாகம், பச்சைத்தேயிலைச் சாறு, திராட்சை விதைச் சாறு. துறைமுகத்துக்கு அருகிலுள்ள மருந்துக்கடைகளில் பொறியணைக்கும் பொருள் என்று எவையெல்லாம் விற்குமோ அவை யாவும் அங்கே இருந்தன. காலைதோறும் படகுக்கு ஒருவராக வந்து, எதிரே அமர்ந்து, அவர் விழுங்குவதைக் கண்ணாரக் கண்டபிறகே போவார்களாம்.

"மாத்திரையிலயே அவுருக்கு வவுறு ரொம்பிடுது. நாஷ்டாவே துன்றதில்ல" என்றார் கஸ்தூரி.

அம்மையார் ஒவ்வொரு குப்பியாக எடுத்துப் படித்துத் திரும்ப அடுக்கினார். இதை யார் சொன்னது என்று மட்டும் கேட்டார்.

"எந்தம்பி ஏழுமலதான். நீதானம்மா தொண்டைக்குத் துரு புடிக்கும்னு சொன்ன. துருன்னா அவனுக்கு ஜிங்க்க தவுர இன்னா தெரியும்?"

ஏழுமலை படகு செப்பனிடும் துறையில் வேலை செய்பவர். தடைக்காலத்தில்தான் அவருக்கு வேலை மிகுதி. கடலிலிருந்து படகுகளை இழுத்துக் கரையேற்றி, சிப்பியும் பாசியும் சுரண்டி, வண்ணம் பூசி, இறுதியில் சுக்கானிலும் உந்துவிசிறியின் அருகிலும், ஜிங்க் என்று அவர்கள் சொல்லும் துத்தநாகக் கட்டிகளை முடுக்குவார்கள். உப்புநீர் இரும்பைத் தின்ன வரும்போது இந்தத் துத்தநாகம் முந்திக்கொண்டு தன்னைத் தின்னக் கொடுக்கும். அது கரையும்வரை படகின் இரும்புக்குக் கேடில்லை. மனித உடலில் பொறியணைக்கும் பொருள் செய்வதும் ஏறத்தாழ அதே தியாகம்தான். எனவே ஏழுமலை போட்ட கணக்கை அறிவற்றது என்று எவரும் சொல்ல முடியாது. மாமனுக்குத் துருப்பிடிக்கப் போகிறது, தடைக்காலத்தில் எல்லாப் படகுக்கும் துத்தநாகம் கட்டுகிறோம், மாமனுக்கும் கட்டுவோம். படகுகள் அனைத்தும் ஒப்புக்கொண்டன. அன்பினால் செய்த தவறு என்பதால் அதைத் திருத்துவது கடினமாயிற்று.

நிறுத்திவிடு என்று தேசிங்கிடம் சொன்னோம். அவர் கையைப் பிசைந்தார். ஏற்ற பங்கை எப்படித் திருப்புவது? எந்தப் படகின் குப்பியை முதலில் மறுப்பது? தொண்டை வெந்து எச்சில் விழுங்கவே வருந்தும் நிலையிலும், அவருக்குப் படகுகளின் மானம்தான் கவலை. அன்று நண்பகல் உணவுக்குப் பின் அம்மையார் என்னை அழைத்துக்கொண்டு செப்பனிடும் துறைக்கே போனார்.

வெயில் படகுகளின் வயிற்றில் பட்டு எரிந்துகொண்டிருந்தது. சுரண்டும் ஓசையும் வண்ணக் குழம்பின் வாடையும் எங்கும். ஒரு படகின் அடியில் மல்லாந்து படுத்துத் துத்தநாகம் முடுக்கிக்கொண்டிருந்த ஏழுமலை, எங்களைக் கண்டதும் உருண்டு வெளியே வந்தார். அம்மையார் கவிழ்த்துப்போட்ட பீப்பாய் ஒன்றின்மேல் அமர்ந்தார். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று அம்மையார் சொன்னதும் ஏழுமலைக்கு முகம் சிவந்தது.

"நீதானம்மா துருன்னு சொன்ன. துரு வந்தா நாங்க ஜிங்க்கு கட்டுவோம். எங்களுக்குத் தெரிஞ்சது அதான்."

"கட்டுறது தப்புன்னு யாரு சொன்னா? யாருக்குக் கட்டுற?"

"எங்க மாமாவுக்கு."

"கட்டி எங்க கீது?"

 ஏழுமலை தம் தொண்டையைத் தாமே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அதுவும் உங்க மாமா ஒடம்புலதான் கீது. நீ குடுக்குற ஜிங்க்கு ரத்தத்துல போயி, நல்லதுக்கு ஒரு பங்கு, கட்டிக்கு ஒரு பங்குன்னு குடுத்துகினு வருது. நாங்க அத்த ஒடைக்கப் பாக்குறோம். ஒடைக்கப் போற போட்டுக்கு யாராச்சும் ஜிங்க்கு அடிப்பாங்களா?"

பின்னால் நின்ற வண்ணம் பூசுபவர் ஒருவர், எதிராளி படகுக்கும் சேர்த்துத்தான் இத்தனை நாளும் சோக்கா வேலை செய்துகொண்டிருந்தோம் போலிருக்கிறது என்று முனகினார். சிரிப்பு எழுந்தது. ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. முடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அம்மையாரை நேராகப் பார்த்தார்.

"மெய்யாலுமே தெரியுமா உனக்கு? மாத்திரையாலதான் கதிரு வேல செய்யலன்னு?"

எங்கள் துறையில் பலர் அக்கணத்தில் தெரியும் என்று சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தால் வேலை எளிதில் முடிந்திருக்கும்.

"முழுசாத் தெரியாது" என்றார் அம்மையார். "ஒலகத்துல யாருக்கும் முழுசாத் தெரியாது. சந்தேகம் கீது, அவ்ளோதான். சந்தேகத்த வெச்சுகினு அவன் கொரலோட சூதாட எனக்கு தில்லு இல்ல. உனக்குக் கீதா?"

ஏழுமலை முடுக்கியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, தமக்காக இல்லாமல் படகுகளுக்காக, அப்படியானால் பங்கு என்ன ஆவது என்று கேட்டார். பங்கு தராமல் இருக்க முடியாதே. முட்டை, கஞ்சி, மீன்சாறு, பழம் என்று உணவாக எது தந்தாலும் தடையில்லை என்றார் அம்மையார். உணவில் உள்ள அளவு வேறு, குப்பியில் அடைத்த அளவு வேறு என்பதையும் விளக்கினார். தேசிங்கின் வீட்டில் எவரும் பீடி கொளுத்தக் கூடாது என்றார். அதற்குச் சில முகங்கள் வாடின. ஆயினும் ஒவ்வொரு படகும் தனித்தனியே தருவதற்கு ஏதாவது ஒன்று வேண்டுமே என்று ஏழுமலை விடவில்லை. அம்மையார் சுற்றி நின்றோரை ஒருமுறை பார்த்தார்.

"உங்க சத்தத்தக் குடுங்க. நீங்க கத்துறீங்க, அவனும் பதிலுக்குக் கத்துறான். அந்தத் தொண்ட எப்பதான் ஆறும்? அவன் வாயத் தொறந்தா நீங்க மூடிக்கணும். அதான் பங்கு."

துறைமுகமே கேட்கும்படி சிரித்தார்கள். வாழ்நாளில் எவரும் தம்மிடம் இவ்வளவு பெரிய பங்கைக் கேட்டதில்லை என்றார் வண்ணம் பூசுபவர்.

மாத்திரைக் கூடை எங்கள் அலமாரிக்கு வந்து சேர்ந்தது. அடுத்தடுத்த வாரங்களில் தேசிங்கின் மஞ்சள் வெளிறியது, ரோசா அடர்ந்தது. அம்மையாரின் பென்சில் காதிலிருந்து இறங்கியது. தேசிங்கின் தொண்டை முன்னிலும் கடுமையாக வெந்தது. அந்நாட்களில் அவர் கஞ்சியையும் கண்ணீரோடுதான் விழுங்கினார். கஸ்தூரி சொன்னார், வீட்டுக்கு வரும் படகுக்காரர்கள் சைகையிலேயே நலம் கேட்டுவிட்டுப் போகிறார்களாம்; ஊர் மறந்து ஊமைப்பள்ளிக்கு வந்துவிட்டோமோ என்று தமக்கே ஐயம் வருகிறதாம்.

கதிர்மருத்துவம் முடிந்து, புண் ஆறி, மறுபடியும் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தபோது குரல்நாண் வெள்ளைவெளேர் என்று அசைந்துகொண்டிருந்தது. கட்டி இருந்த இடம் தெரியவில்லை.

இதைக் கட்டுரையாக எழுதி வெளியிடலாமே என்று நான் துள்ளினேன். அம்மையார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வேறு என்னவாக இருக்கும்? மாத்திரையை நிறுத்தாவிட்டாலும் அது கரைந்திருக்கலாம். பீடியை விட்டது காரணமாக இருக்கலாம். தொடக்கநிலைப் புற்று, பெரும்பாலும் கரையக்கூடியதுதான். ஒரு தொண்டையை வைத்துக்கொண்டு உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது என்றார். ஆகவே இளையோரே, நானும் எழுதவில்லை. சிகிச்சை நடக்கும்போது பொறியணைக்கும் குப்பி எதையும் மருத்துவரைக் கேளாமல் திறக்க வேண்டாம் என்று நோயாளிகளுக்குச் சொல்லுங்கள். கேட்கும்போது மருந்து என்ன உண்கிறீர் என்று மட்டும் கேட்காதீர்கள். அன்போடு யார் என்ன கொடுத்தார் என்றும் கேளுங்கள்.

சில மாதங்கள் கழித்து, மறுபடியும் ஏலம் விடத் தேசிங்குக்கு இசைவு கிடைத்தது. அளவோடு பேச வேண்டும், தொண்டையை வருத்தக் கூடாது என்பது கட்டளை. அவர் கட்டளையைக் காப்பார் என்பதில் அம்மையாருக்கு நம்பிக்கை இல்லை. எனவே முதல்நாள் விடியலில் நாங்கள் இருவரும் காசிமேட்டு ஏலக்கூடத்தில் போய் நின்றோம்.

படகுகள் அணைந்து, கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. வழக்கமான இரைச்சல். தேசிங்கு ஒரு மரப்பெட்டிமேல் ஏறினார். இளைத்திருந்தார், கழுத்தின் தோல் கறுத்திருந்தது. ஏழுமலை எங்கிருந்தோ ஓடிப்போய்ப் பனிக்கட்டி உடைக்கும் இயந்திரத்தை நிறுத்தினார். வண்டிக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக இயந்திரத்தை அணைத்தார்கள். பேரம் பேசியவர்கள் பாதிச் சொல்லில் நின்றார்கள். அந்தக் கூடத்தில் கடலலை கேட்கும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். காக்கைகள் மட்டும் பங்கு தர மறுத்தன.

தேசிங்கு பேசினார். பழைய குரல் இல்லை. அடியில் மணல் அரைபடுவது போன்ற தணிந்த குரல். ஆனாலும் குரல். முதல் கூடை சங்கரா மீன். அவர் விலை சொன்னது, மறுமுனைக் கூடைக்காரப் பெண்ணுக்கும் கேட்டது. சொல்லச் சொல்ல அவருக்கு உற்சாகம் ஏறியது. குரலும் உயரத் தொடங்கியது. அம்மையார் பதறிப்போய், தணித்துப் பேசு என்பதற்கு அடையாளமாக உள்ளங்கையை உயர்த்தினார்.

தேசிங்கு அந்தக் கையைப் பார்த்தார். அது எதற்கு உயர்ந்தது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"டாக்டரம்மா கையத் தூக்கிட்டாங்க. வேற யாராச்சும் கீறீங்களா?"

ஒரு கையும் எழவில்லை. கூடையை மிகுந்த மரியாதையோடு கொண்டுவந்து அம்மையாரின் காலடியில் வைத்தார்கள். கூடம் வெடித்துச் சிரித்தது. உடனே யாரோ உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்று சொல்ல, மறுபடியும் அமைதியாயிற்று. அத்தனை மீனையும் என்ன செய்வது என்று அம்மையார் என்னைப் பார்த்தார். மருத்துவமனைச் சமையற்கட்டுக்கு என்றேன். மரக்கறிக்காரனாகிய நானே கூடையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினேன். மறுகாதை அம்மையார் பிடித்தார். வாயிலை அடைவதற்குள், எங்கள் முதுகுக்குப் பின்னால் தேசிங்கின் குரல் அடுத்த கூடைக்குப் போயிருந்தது.